ஓரமில்லாக் கண்

தாழம்விளையில் முதன்முதலாக ஒரு மனிதர் தன் இலையோடு தரையை விட்டு எழும்பியது ஒரு கல்யாணப் பந்தியில், பருப்பு விளம்பி முடிந்து சாம்பார் வாளி வந்துகொண்டிருந்த நேரத்தில். அவர் தபால் ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்றவர், வரிசையின் இடது கோடியில் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தார். சம்மணம் போட்டபடியே, சோற்றில் கை வைத்தபடியே, முதலில் ஒரு சாண் உயர்ந்து, பிறகு ஒரு முழம் உயர்ந்து, ஜன்னல் மட்டத்துக்குப் போய் நின்றார். இலையும் ஒரு பருக்கை சிந்தாமல் கூடவே போய் அவர் முன்னால் நின்றது. பக்கத்து இலைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"அங்க காத்து வருதாவே?"

"நல்லா வருது."

"சரி, சாப்பிடும்" என்று சொல்லிவிட்டு அவர் தன் அவியலுக்குத் திரும்பினார். சாம்பார் வாளிக்காரர் கையை உயர்த்தி எட்டி ஊற்றினார். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது.

பந்திக்கு எதிரே நடுவில் அப்போது தாணுலிங்கம் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் பரிமாறுவதை விளம்புவது என்பார்கள். விளம்புகிறவர்கள் பத்துப் பேர் இருந்தாலும், எந்த இலையில் எது குறைகிறது, அடுத்து எந்த வாளி உள்ளே வரவேண்டும் என்று நின்ற இடத்திலிருந்தே பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவருக்குப் பெயர் விசாரிப்பு. தாணுலிங்கத்தைப் போல ஒரு விசாரிப்பு அதற்கு முன்னால் அந்த ஊரில் இருந்ததில்லை. தோளில் ஈரிழைத் துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோவில் தூண் மாதிரி நேரே பார்த்து நிற்பார். ஆனால் வலது கோடிப் பெரியவர் இஞ்சிக்கறியைத் தொடவில்லை என்பதும், இடது பக்கத்துக் குழந்தை பப்படத்தை மடியில் ஒளித்துவைத்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். தலையைத் திருப்ப மாட்டார். அது அவருடைய விரதம். "பந்தியில தலையைத் திருப்புகவன் சொந்தக்காரனைத் தேடுகான்னு அர்த்தம். எனக்கு எல்லா இலையும் ஒண்ணுதான்" என்பார்.

ஓரம் என்ற சொல்லுக்கு அந்த ஊரில் இரண்டு பொருள் உண்டு. விளிம்பும் ஓரம்தான், ஒருவருக்குச் சாதகமாகச் சாய்வதும் ஓரம்தான். பந்தியில் வேண்டியவனுக்கு இரண்டு கரண்டி பாயசமும் வேண்டாதவனுக்கு அரைக் கரண்டியும் ஊற்றுவதை ஓரவஞ்சனை என்பார்கள். இதன் பேரில் சம்பந்தம் முறிந்த குடும்பங்கள் உண்டு. தாணுலிங்கம் நிற்கிற பந்தியில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை. ஆகவே அடுத்தடுத்த கல்யாணங்களில் இடது கோடியில் இருவரும் வலது கோடியில் ஒருவருமாக ஆட்கள் எழும்பத் தொடங்கியபோது, ஊர் கூடிப் பேசி, அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று முடிவு செய்தது. கடைசி இலைக்குத்தான் எப்போதும் எல்லாம் பிந்தி வரும், ஆறி வரும், தீர்ந்துபோய் வராமலும் இருக்கும். அந்தக் கடைசி இலைக்காரனை உயரத்தில் தூக்கி உட்கார வைக்கிற கண் எப்பேர்ப்பட்ட கண்ணாக இருக்க வேண்டும்! கல்யாண மண்டபத்தின் சொந்தக்காரரும் தாணுலிங்கத்தின் பால்யச் சிநேகிதருமான குற்றாலம் பொன்னாடை போர்த்தி, 'ஓரமில்லாக் கண்ணர்' என்று பட்டம் கொடுத்தார்.

அதன் பிறகு ஊர் அதற்கேற்ப மாறிக்கொண்டது. யாரும் வேண்டாத கோடி இலைக்கு இப்போது சிபாரிசு தேவைப்பட்டது. மூட்டுவலிக்காரர்கள், கால் மடக்க முடியாதவர்கள், பெண்ணுக்குத் தாய்மாமன்கள் என்று முறை வைத்து உட்கார வைத்தார்கள். மண்டபத்துக் கூரை விசிறிகளைக் கழற்றிவிட்டு, கீழே நிற்கிற விசிறிகளை வாங்கிப்போட்டார் குற்றாலம். விளம்புகிறவர்களில் உயரமானவர்களைக் கோடிக்கு அனுப்பினார்கள், கூடவே ஒரு ஏணியும் போயிற்று. ரசம் மட்டும் ஒரு கட்டுக்கு அடங்கவில்லை. மேலே இருப்பவரின் இலையிலிருந்து வழிந்து கீழே இருப்பவரின் பிடரியில் விழுந்தது. அதனால் மேல் இலைகளுக்கு ரசத்தைத் தம்ளரில் கொடுக்கும் வழக்கம் வந்தது. எழும்பியவர்கள் எப்படி இறங்கினார்கள் என்றால், பந்தி முடிந்து, தாணுலிங்கம் "எல்லாரும் கை நனைக்கலாம்" என்று சொல்லி இரண்டு பக்கமும் திரும்பித் தலைகுனிந்து கும்பிடுவார் இல்லையா, அப்போது அவர் பார்வை பட்டவுடன் வேப்பம்பூ உதிர்வதுபோல மெதுவாக இறங்கினார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. பார்வை இருக்க வேண்டிய இடத்தில் பார்வை இல்லாமல் போனால்தான் ஆட்கள் எழும்பினார்கள்.

இது எல்லோரும் கண்ணால் கண்டது. காணாதவர் தாணுலிங்கம் ஒருவர்தான். அவர் தலை நிமிரும்போதெல்லாம் அவரவர் அவரவர் இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தார்கள். ஆள் பறந்தார், இலை பறந்தது என்று ஊர் பேசுவதை அவர், பந்தி நன்றாக இருந்ததைப் புகழ்ந்து சொல்கிற ஒரு மாதிரிப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு அடக்கமாகச் சிரித்தார்.

ஊருக்கு முன்னாலேயே இதை அறிந்தவள் அவர் மனைவி உமையம்மை.

தபால்காரர் எழும்பியதற்கு முந்தின ஆடியிலேயே அவள் எழும்பியிருந்தாள். காலையில் அவர் பேப்பர் படிக்க, அவருடைய இடது பக்கம் உட்கார்ந்து அவள் முருங்கைக்கீரை உருவுவது வழக்கம். அன்றைக்கு முறத்தோடு, கீரையோடு, பாதி உருவிய காம்போடு எழும்பி உத்தரத்தில் தலை தட்டி நின்றாள். பயம் வரவில்லை, பல வருஷமாக விடாத முழங்கால் வலி விட்டுப்போயிருந்தது. "ஏட்டி, அந்தத் தண்ணிச் செம்பை எடு" என்று அவர் திரும்பியதும் இறங்கி, எடுத்துக் கொடுத்தாள். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகு புருஷனுக்குப் பக்கத்தில் இருந்தால் பெண்டாட்டிக்கு இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது என்று நினைத்தாள். யாரிடமும் கேட்கக் கூச்சம். எழும்பாமலிருக்கக் கனத்துக்கு அம்மிக்குழவியைச் சேலை முந்தியில் முடிந்து மடியில் செருகிக்கொள்ளப் பழகினாள். சந்தைக்குப் போனால் அவருடைய இடது பக்கம் நடப்பாள், ஆகவே மற்ற எதையும் வாங்கும் முன் பூசணிக்காயை வாங்கிவிடுவாள்.

உயரத்தில் இருப்பவளுக்குக் கீழே நடப்பது துலக்கமாகத் தெரியும். அவர் தம்ளரை மேசையில் வைப்பதாக நினைத்து மேசைக்கு வெளியே விடுவதைப் பார்த்தாள். வாசல் நிலையில் அவருடைய இடது தோள் இடித்து இடித்து ஒரு தேய்மானம் உண்டாகியிருப்பதைப் பார்த்தாள். நடையின் கடைசிப் படியைத் தவறவிட்டுத் தடுமாறியதும், "இந்தச் செருப்பு சரியில்ல" என்று அவர் புதுச் செருப்பு வாங்கினார். அதற்கும் அடுத்ததாக இன்னொரு புதுச் செருப்பு வாங்கினார்.

மண்டபத்தில் அவளுக்குப் பாயச உருளியின் பக்கத்தில் இடம், அதாவது பந்தியில் அவருடைய இடது கைப்பக்கம். குழவி மடியில் இருந்ததால் அங்கே அவள் எழும்பாமல் இருந்தாள். பங்குனி மாதத்துக் கல்யாணம் ஒன்றில் முடிச்சு நெகிழ்ந்து குழவி உருளிக்கு அடியில் உருண்டுவிட, அவள் மேலே போனாள். அங்கிருந்து அவள் பந்தி முழுவதையும் பார்த்தாள். வரிசையின் நடுவே ஒரு வட்டம். டார்ச் லைட் அடித்ததுபோல அந்த வட்டத்துக்குள் இருந்தவர்கள் தரையில் இருந்தார்கள், வெளியே இருந்தவர்கள் எல்லாம் உயரத்தில் இருந்தார்கள். தை மாதத்தில் கோடியில்தான் ஆட்கள் எழும்பினார்கள் என்பது அவளுக்கு நினைவிருந்தது. இப்போது மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில், அவர்களுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் பேர். பெண்ணின் சித்தியே பாயை விட்டு ஒரு விரற்கடை எழும்பிக்கொண்டிருந்தாள், அவளுக்கே அது இன்னும் தெரியவில்லை. ஊர் மேலே போகிறவர்களை எண்ணிச் சந்தோஷப்பட்டது. கீழே இருப்பவர்களை யாரும் எண்ணவில்லை.

வட்டம் மூடிவிட்டால் என்ன ஆகும் என்று உமையம்மை யோசித்தாள். மேலே போனவர்களை இறக்கியது அவருடைய பார்வைதான். அது போய்விட்டால் யார் இறக்குவார்கள்? தெரு, வீடு, கீரை முறம், அவள், எல்லாம் மேலேயே தொங்கும். கீழே ஒரு மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றுமில்லாத தரையில் தனியாக நிற்பார்.

அன்றைக்கே வீட்டில் பேச்சை எடுத்தாள்.

"இஞ்ச பாருங்க, ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டிட்டு வரணும்."

"என் கண்ணுக்கு என்னட்டி? பேப்பர்ல வரன் தேடுக விளம்பரம் வரைக்கும் கண்ணாடி இல்லாம வாசிக்கேன். ஊசி கொண்டா, நூல் கோத்துத் தாறேன்."

"கோத்துத் தருவீய. கோத்த ஊசியைப் பக்கத்துல வச்சா வீடு பூரா தேடுவீய."

"வலி உண்டா? நீர் வடியுதா? சிவந்திருக்கா? சொல்லு."

எதுவும் இல்லைதான். அவள் மாமனாரை நினைத்துக்கொண்டாள். அவரும் கடைசிக் காலத்தில் நேரே பார்த்துக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார், வயசானால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். மாமியாரின் பழைய சேலைகள் இன்னும் பெட்டியில் கிடந்தன. எடுத்து விரித்துப் பார்த்தாள். எல்லாச் சேலைக்கும் முந்தி இழுபட்டு, கனமான எதையோ முடிந்து முடிந்து கிழிந்திருந்தது. காசு முடிந்துவைத்ததால் கிழிந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

குற்றாலத்துக்கு விஷயம் எட்டியதும் ஓடிவந்தார்.

"மைனி, உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போவும். அவன் கண்ணுல போய் மருந்தை ஊத்திராதீங்க. ஆவணி வரைக்கும் மண்டபம் புக் ஆயிருக்கு. சனம் தரையில உக்காந்து சாப்பிட எதுக்கு நம்ம மண்டபத்துக்கு வரும்?"

"ஆவணில உங்க கூட்டுக்காரருக்குக் கண்ணு இருக்குமா? அதையும் புக் பண்ணி வச்சிருக்கீயளா?"

குற்றாலம் காப்பியைக் குடிக்காமல் போனார்.

அடுத்த முகூர்த்தத்தில் பெரிய பந்தி. வெளியூரிலிருந்து வேன் வைத்து ஆட்கள் வந்திருந்தார்கள். அடைப்பிரதமன் பாயசம் இறங்குகிற நேரம். உமையம்மை மடியிலிருந்து குழவியை எடுத்து, முந்தியைப் பிரித்து, குழவியை உருளிக்குப் பக்கத்தில் நட்டமாக வைத்தாள். கரண்டியோடு மேலே போனாள்.

"உமையா, பிரதமன் வரலாமா?" தாணுலிங்கம் வழக்கம்போல நேரே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வரலாம்."

குரல் வந்த திசை சரியாக இல்லை. அவர் நெற்றி சுருங்கியது. ஆனாலும் தலை திரும்பவில்லை.

"எங்கேருந்துட்டி பேசுத?"

"மேலேருந்து."

"அங்க எதுக்குப் போன?"

"நான் போகல்ல. நீங்க விட்டுட்டீய."

பந்தியில் கைகள் நின்றன. விசிறிகள் மட்டும் சுற்றின. எத்தனையோ வருஷப் பந்திகளில் ஒருமுறைகூடத் திரும்பாத தலை, நடுப்பந்தியில், எல்லோரும் பார்க்க, இடது பக்கம் திரும்பியது. அதற்குள் அவள் இறங்கிவிட்டாள், அவர் பார்க்கும்போது உருளிக்குப் பக்கத்தில் எப்போதும்போல நின்றாள். ஆனால் அவள் தலைமயிரில் ஒரு நீள ஒட்டடை தொங்கியது. அது கூரையின் மூலையில் மட்டும் பிடிக்கிற ஒட்டடை, ஏணி வைத்தாலும் எட்டாதது. அவர் அதை விரலால் எடுத்துப் பார்த்தார். ஊர் இத்தனை நாளும் சொன்னது புகழ்ச்சி இல்லை என்று அவருக்கு அப்போது புரிந்தது.

"நாளைக்குப் போவோம்" என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெசிந்தா அவரைப் பரிசோதித்தார். கண்ணின் அழுத்தத்தைப் பார்த்தார்கள். சொட்டு விட்டுக் கண்பாப்பாவை விரிய வைத்து உள்ளே இருக்கும் நரம்பைப் பார்த்தார்கள். பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமல், அங்கங்கே மின்னுகிற சிறு வெளிச்சம் தெரிகிறபோதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நேரே பார்ப்பதில் அவரைவிடத் தேர்ந்தவர் யார்? அசையாமல் இருந்தார். நடுவில் மின்னியபோது அழுத்தினார். ஓரங்களில் மின்னிக்கொண்டே இருந்தது, அவர் விரல் சும்மா இருந்தது. டாக்டர் நோயாளிகளின் பக்கவாட்டில்தான் எப்போதும் உட்கார வேண்டியிருக்கும், அதனால் அவருடைய முக்காலியில் கார் பெல்ட் போல ஒன்று தைத்திருந்தது. அவர் அதை மாட்டிக்கொண்டு எழுதினார்.

"ஐயா, இதுக்குப் பேரு கிளாக்கோமா. கண்ணுக்குள்ள நீர் ஊறிக்கிட்டே இருக்கும், வடிஞ்சுக்கிட்டும் இருக்கும். வடியுற மடை அடைச்சா உள்ள அழுத்தம் ஏறும். பாக்குற நரம்பை அது கொஞ்சம் கொஞ்சமா நசுக்கும்."

"வலிக்கவே இல்லியேம்மா?"

"பெரும்பாலும் வலிக்காது. வலிச்சா எல்லாரும் நேரத்தோட வந்திருவாங்களே. இது ஓரத்தை முதல்ல எடுக்கும், நடுவைக் கடைசிக்கு வச்சிருக்கும். விட்டுப்போன இடத்தை மூளையே இட்டுக்கட்டி நிரப்பிரும். அதனால போனதே தெரியாது."

உமையம்மை கேட்டாள்: "புரை எடுத்த மாதிரி எடுத்துட்டா, போனது வருமா?"

"வராதும்மா. புரை வேற, இது வேற. போனது போனதுதான். ஆனா இருக்குறதைக் காப்பாத்திக்கலாம். தினமும் சொட்டு மருந்து விடணும். நல்லாத்தானே இருக்குன்னு நிறுத்தக் கூடாது. சொல்ற நாள்ல வந்து காட்டணும்." டாக்டர் பெல்ட்டைக் கழற்றினார். "நாற்பது தாண்டின எல்லாரும் ஒழுங்கா வந்து கண்ணைக் காட்டணும். வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா, கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் அதுக்கு முன்னாலயே வரணும். ரெண்டு வருஷம் முந்தி வந்திருந்தா உங்க பந்தில யாருமே எழும்பியிருக்க மாட்டாங்க ஐயா."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவள்; பூசணிக்காய் இல்லாததால் கம்பியைப் பிடித்திருந்தாள். தாணுலிங்கம், "பட்டம் வாங்கும்போது நீ எங்க நின்ன?" என்று கேட்டார். "உங்களுக்கு இடது பக்கம்" என்றாள். அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். ஊர் வந்து சேரும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவருடைய தம்பி மாதேவனைக் கூட்டிப்போவதுதான் பெரிய பாடாக இருந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல மைனி. கழுகுக் கண்ணு" என்று அவன் தன் முற்றத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவனுக்கு வலது பக்கம் மேய்ந்துகொண்டிருந்த கோழி தரையை விட்டு ஒரு நெல்லுயரம் எழும்பி, கால் எட்டாமல் காற்றைக் கிளறியது. உமையம்மை கோழியைக் கையால் காட்டினாள். மாதேவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். கோழி எழும்பும்போதே போனதால் அவன் வீட்டில் கோழிக்கு மேல் எதுவும் எழும்பவில்லை.

குற்றாலத்துக்குச் சமாதானம் ஆனதும் டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையால்தான். போனது வராது என்றால், எழும்புகிற இலைகள் எழும்பிக்கொண்டுதானே இருக்கும்? எண்ணிப் பார்த்தார், மண்டபத்துக்கு அது போதும். ஆனால் கணக்குப் போட்டுக்கொண்டே போனவர் தானும் நாற்பதைத் தாண்டி வெகுநாள் ஆகிறது என்பதை நினைத்து நின்றார், நின்று இரண்டு பக்கமும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அடுத்த மாதம் கண் டாக்டரும் கருவிகளும் அவருடைய மண்டபத்திலேயே வந்து இறங்கினார்கள். மணமக்கள் உட்காரும் மேடையில் கிண்ணக் கருவி, பந்தி நடக்கிற கூடத்தில் ஊர். அன்றைக்குப் பொத்தான் அழுத்திய சிலர் அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தவில்லை. அவர்களுக்கும் எதுவும் வலித்திருக்கவில்லை. அன்று முதல் தாழம்விளையில் பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தோடு, "பெரியவங்க எல்லாம் கண்ணைக் காட்டியாச்சா?" என்றும் கேட்கத் தொடங்கினார்கள்.

தாணுலிங்கம் விசாரிப்பை விடவில்லை. இப்போது அவர் பந்தியில் தலையைத் திருப்பினார். முதலில் இடது கோடி வரைக்கும், பிறகு வலது கோடி வரைக்கும், வயலுக்குத் தண்ணீர் திருப்புகிறவர் மாதிரி, அவசரமில்லாமல், விடாமல். அவர் இடது பக்கம் பார்த்தால் வலது பக்கம் எழும்பும், வலது பக்கம் பார்த்தால் இடது பக்கம் எழும்பும். பந்தி முழுவதும் தொட்டில் மாதிரி ஏறி இறங்கியது. வெளியூர்க்காரர் ஒருவர், "என்ன இந்த ஆளு, சொந்தக்காரனைத் தேடுகாரா?" என்று முணுமுணுத்தார். அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்த தபால்காரர் அவருக்குப் பதில் சொன்னார்: "ஆமாவே. உம்மையும் சேத்துத்தான் தேடுகாரு." அவர் நேரே பார்த்து நிற்கும்போது மாப்பிள்ளையும் பெண்ணும் அவர்களைச் சுற்றிலும் இருந்தவர்களும் தரையிலேயே இருந்தார்கள். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும், வட்டம் இருந்த அளவிலேயே இருந்தது. ஊர் இப்போது கீழே இருப்பவர்களையும் எண்ணப் பழகியிருந்தது.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் தாணுலிங்கம் சாய்வு நாற்காலியில் உட்காருவார். உமையம்மை மருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு அவருடைய இடது பக்கம் வந்து நிற்பாள். மடியிலிருந்து குழவியை எடுத்து அம்மிமேல் வைப்பாள். மேலே போவாள். முழங்கால் விட்டுப்போகிற அந்த நேரம் அவளுக்குப் பிடிக்கும், அதை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"எங்க இருக்க?" என்பார் அவர்.

"மேல. அண்ணாந்து பாருங்க."

அவர் அண்ணாந்து பார்ப்பார். நேராக, நடுவாக, மிச்சமிருக்கிற கண் முழுவதாலும் அவளைப் பார்ப்பார். அவள் இறங்கத் தொடங்குவாள். கை எட்டுகிற உயரத்தில் இடது கண்ணுக்கு ஒரு சொட்டு, இன்னும் கொஞ்சம் இறங்கி வலது கண்ணுக்கு ஒரு சொட்டு. அவர் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொள்வார்.

"ஏட்டி, இறங்கிட்டியா?"

அவள் பாதம் அப்போதுதான் தரையைத் தொட்டிருக்கும். தொட்டதை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்வாள்.

"இறங்கிட்டேன்" என்பாள்.